குனிந்துவிட்டு நின்றவர்

அந்த அக்காவிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க ஒரே வழிதான் உண்டு. திருப்பி வணக்கம் சொல்லிவிட வேண்டும்.

நான் முதன்முதலாக மாட்டியது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் அறையில். கொரோனா ஊரடங்கு முடிந்து கம்பெனிகள் மறுபடி திறந்திருந்த நேரம். பி.காம். முடித்துவிட்டு, லேபிள் ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலைக்கு நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சிவகாசி அச்சகத்துக்குப் போன் போட்டு, புஸ்வாண லேபிள் என்ன ஆயிற்று என்று கத்திக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முழங்கை வரை வெள்ளிப் பொடி படிந்திருந்தது. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து நிதானமாகக் குனிந்து நிமிர்ந்து, “அன்யோங் ஹாசேயோ” என்றார்.

“என்னக்கா வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம்.”

நான் போனுக்குத் திரும்பினேன். பேசி முடித்துவிட்டுப் பார்த்தால், அதே இடத்தில் அப்படியே நிற்கிறார்.

“போர்மேனப் பாக்கணுமா?”

“இல்ல.”

“பெறவு?”

“ஒங்களுக்கு வணக்கம் சொன்னேன். நீங்க ஒண்ணும் சொல்லலியே.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு “வணக்கம்” என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. “அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆபீசுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், வணக்கம் சொல்லிவிட்டு வருவோம் என்று வந்தாராம். வேறு சோலி எதுவும் கிடையாதாம்.

மரியாதை கொடுப்பதில் இப்படி ஒரு சண்டைக்காரரை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

பேரை எழுதப் போவதில்லை. கம்பெனியில் அந்தப் பேரை யாரும் சொன்னதும் இல்லை. பெண்களுக்கு அவர் கொரியாக்கா, ஆண்களுக்கு வெறும் கொரியா. இப்போது கோயம்புத்தூரில் நர்சாக இருக்கும் மகளோடு போய் இருக்கிறார் என்று கேள்வி. அவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ‘அவள்’ என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதினால் பஸ் ஏறி வந்து, விருதுநகரில் நான் இப்போது வேலை பார்க்கிற கடை வாசலில் நின்றுவிடுவார். நிற்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கொரியா அவருக்கு வந்தது மகளின் போன் வழியாக. ஊரடங்கில் காலேஜை மூடியதும் மகள் சொந்த ஊரான ஆமத்தூருக்கே வந்துவிட்டாள். அவள் பார்த்த கொரிய நாடகங்களை அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனி வேனில் வந்த பெண்களில் பாதிப் பேர் அதே நாடகங்களைப் பார்த்தவர்கள்தான். அவர்கள் கதாநாயகனின் தோலைப் பார்த்தார்கள், தலைமுடியைப் பார்த்தார்கள், மழையில் அவன் குடை பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தார்கள். இந்த அக்கா பார்த்தது வேறு. வேன் ஆமத்தூரில் கிளம்பி சிவகாசி வழியாக வரும், நான் சிவகாசியில் ஏறுவேன். ஒருநாள் நான் ஏறும்போதே கதை ஓடிக்கொண்டிருந்தது.

“ஓட்டல்ல பாத்திரம் தேய்க்க ஒருத்தி புதுசா வாரா. மொதலாளியப் பாத்துக் குனியுதா. சரி, நம்ம ஊருலயும் அதான நடக்கு. ஆனா அந்த ஆளும் குனியுதாருட்டீ! குனிஞ்சிட்டு அவரு பாட்டுக்குப் போறாரு. ஒண்ணும் கொறஞ்சுபோயிரல. எனக்கு நம்ப முடியல. பின்னால ஓட்டி ஓட்டிப் பாத்தேன். நெசமாத்தான் குனியுதாரு.”

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் இருந்த வெளிச்சத்தை, கதாநாயகனைப் பற்றிப் பேசுகிற எந்தப் பெண்ணின் கண்ணிலும் நான் பார்த்ததில்லை.

அந்த முதலாளி குனிந்ததுதான் ஆரம்பம். மறுநாளிலிருந்து காண்கிற எல்லோருக்கும் வணக்கம். வேன் டிரைவர், டீ கொண்டுவருகிறவர், கக்கூஸ் கழுவ வருகிறவர், லோடு ஏற்ற வந்த வடக்கத்திப் பையன்கள், ஒருவரையும் விடுவதில்லை. சொல்வதோடு முடிந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. சொல்லிவிட்டு நிற்பார். எதிராளி ஏதாவது ஒன்றைத் திருப்பித் தரும்வரைக்கும் நிற்பார். கொரிய மொழியில்தான் தர வேண்டும் என்று இல்லை. தலையை ஆட்டினாலும் சரி, “ம்” என்றாலும் சரி, ஆனால் முகத்தைப் பார்த்துத் தர வேண்டும்.

“இத தமிள்ல சொல்லிட்டுப் போனா என்னக்கா? வணக்கம்னா ஆகாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சொல்லிப் பாத்தேனே பாப்பா. பக்கத்துல லேபிள் ஒட்டுறவகளுக்குச் சொன்னேன். என்னக்கா, எலெக்சன்ல நிக்கீகளான்னு சிரிக்காக. போர்மேனுக்குச் சொன்னா, சம்பளம் கூடக் கேக்க வந்திருக்கேன்னு நெனைக்காரு. மொதலாளிக்குச் சொன்னா தாடைய ஆட்டுவாரு, அதுவும் அன்னைக்கு லோடு நல்லாப் போயிருந்தா. நம்ம வணக்கம் மேல போகும், கீள வாராது.” வேன் ஜன்னலுக்கு வெளியே ஓடிய தெருக்களைக் கையால் காட்டினார். “இங்கன ஒருத்தரப் பாத்ததும், யாரு, எந்தத் தெரு, என்ன ஆளுகன்னு மனசு கணக்குப் போட்டுருது. அதுக்குப் பெறவுதான் வாங்கன்னு வருதா, வாலேன்னு வருதான்னு தெரியுது. இது வெளியூருச் சொல்லு பாப்பா. இதுக்கு எந்தத் தெருவும் தெரியாது.”

பொங்கலுக்கு எங்கள் கணக்கரின் தம்பி வந்திருந்தார். மெட்ராஸ் பக்கம் கொரியாக்காரர்கள் நடத்துகிற ஒரு கார் கம்பெனியில் வேலை. கொரியாக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

“அக்கா, நீங்க நெனைக்கிற மாதிரியெல்லாம் இல்ல. அங்க நம்மளவிட மோசம். வயசுக்கு ஒண்ணு, பதவிக்கு ஒண்ணு, எம்புட்டுக் குனியணும்ங்கறதுக்கே அளவு இருக்கு. தரையில விளுந்து கும்பிடறதும் உண்டு. ஒங்க வயசுக்கு என்னையப் பாத்து இம்புட்டுப் பெரிய வார்த்த சொல்ல வேண்டியதே இல்ல. சின்ன வார்த்த ஒண்ணு இருக்கு, அது போதும்.”

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அது அவுக ஊருத் தலவலி. நான் அங்கருந்து எடுத்துக்கிட்டது இந்த ஒண்ணத்தான். விளுந்து கும்பிடறது எனக்கு வேண்டாம். அத எங்க ஆளுக நெறையாச் செஞ்சாச்சு.”

சொல்லிவிட்டு அந்தத் தம்பிக்கு ஒரு முழு வணக்கம் போட்டார். அவ்வளவு விவரம் தெரிந்த ஆள் திருப்பிச் சொல்ல மறந்துபோய் நின்றார். அக்காவும் நின்றார். கணக்கர்தான் தம்பியின் விலாவில் குத்தி, “சொல்லித் தொலைல, அவுக போக மாட்டாக” என்று காதோரம் சொன்னார்.

கம்பெனி வாசலில் தினமும் சோதனை உண்டு. தீப்பெட்டி, போன், இரும்புக் கொண்டை ஊசி, எதுவும் உள்ளே போகக் கூடாது. பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு அம்மா இருந்தார். மாவு மூட்டையைப் புரட்டுகிற மாதிரி எங்களைத் திருப்பிப் போட்டுத் தடவுவார். ஒருத்தி முகத்தையும் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்கு முன்னால் அக்கா காலையில் குனிந்துவிட்டு நிற்க, பின்னால் வரிசை நிற்க, வேன் டிரைவர் ஆரன் அடிக்க, முதல் சில நாட்கள் வாசலே அல்லோலகல்லோலப்பட்டது. பின்னால் நின்றவர்கள் அக்காவைத்தான் திட்டினார்கள். நானும் திட்டினேன். கடைசியில் அந்த அம்மா தோற்றுப்போய் ஒருநாள் நிமிர்ந்து பார்த்து, “சரி தாயி, வணக்கம்” என்றார். பிறகு, “கையத் தூக்குங்க” என்றார். ‘தூக்கு’ என்றுதான் அதுவரை கேட்டிருந்தோம். அக்காவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் அன்றைக்குத் ‘தூக்குங்க’தான் கிடைத்தது. இலவசமாக வந்ததை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மசியாதவர் போர்மேன். பேக்கிங்கில் எந்தப் பெண்ணையும் அவர் ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவார். அக்கா திரும்ப மாட்டார். “ஏட்டி கொரியா, காது செவுடா?” என்று கத்தினாலும் அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டே இருப்பார். போர்மேன் நடந்து எதிரே வந்து நின்றதும் எழுந்து, வணக்கம் சொல்லிவிட்டு, நிற்க ஆரம்பித்துவிடுவார். அந்த மனிதரும் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. ஆனால் நாள் பூராவும் ஒருத்தர் எதிரில் எத்தனை நேரம் முறைத்துக்கொண்டு நிற்பது? பேக்கிங் ஷெட் வழியாகப் போவதையே விட்டுவிட்டார். லோடு ஏற்றுகிற இடத்துக்குப் போக வேண்டுமென்றால் வெடிமருந்து ரூமைச் சுற்றி, வேலிக்கருவை ஓரமாக, வெயிலில் நடந்து போவார். ஷெட்டிலிருந்து அதைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். “பாவம், சுத்திப் போறாக” என்பார். கேலி இல்லை, மெய்யாகவே வருத்தப்பட்டுச் சொல்வார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். தயிர் வாங்கக் கடைக்கு நடந்தோம். எதிரே பெரிய தெருவிலிருந்து ஒரு பெண்குழந்தை வந்தது, ஆறேழு வயசு இருக்கும், கையில் குச்சி ஐஸ். அக்காவின் பேரை மொட்டையாகச் சொல்லிக் கூப்பிட்டு, “எங்கம்மா ஒன்னயக் கடலை பறிக்க வரச் சொல்லுச்சு” என்றது. குழந்தை மேல் தப்பில்லை. அந்தக் குழந்தையின் அம்மா அப்படித்தான் கூப்பிடுவார், அவருடைய அம்மா அக்காவின் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

அக்கா நின்றார். குழந்தைக்கு முன்னால் கைகளைச் சேர்த்து, முழுசாகக் குனிந்து, “அன்யோங் ஹாசேயோ” என்றார். குழந்தை விழித்தது. ஐஸ் முழங்கையில் வழிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவும் சட்டென்று குனிந்தது. நிமிர்ந்து, பிடித்துப்போய், மறுபடியும் குனிந்தது. அக்கா சிரித்து, “எனக்கு இப்பக் கம்பெனி வேல இருக்கு, வர முடியலன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க தாயி” என்றார்.

நாங்கள் தயிர் வாங்கித் திரும்புவதற்குள் குழந்தையின் அம்மா தெருவில் வந்து நின்றார்.

“என்னடி, எம் பிள்ளையக் குனிய வச்சியாமே?”

“நானும் குனிஞ்சேன்ல. நாந்தான் மொதல்ல குனிஞ்சேன்.”

“கம்பெனிக்குப் போனதும் ரொம்பத்தான் ஏறிப்போச்சு ஒனக்கு.”

அக்கா அவருக்கும் வணக்கம் சொன்னார். அந்த அம்மா பதில் சொல்லாமல் திரும்பி நடந்தார். அக்கா நடுத்தெருவில் தயிர்த் தூக்கோடு நின்றார். வீட்டு வாசல்களில் தலைகள் முளைக்க ஆரம்பித்தன. எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. “வாங்கக்கா, போவோம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“இருங்க பாப்பா. தெரு முக்குத் திரும்புறதுக்குள்ள திரும்பிப் பாத்தாலும் பாப்பாக.”

பார்க்கவில்லை. அந்த அம்மா மறைகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வந்தார். அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்கு ருசி தெரியவில்லை. இந்தப் பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வம்பு, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆயிற்று, மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை, இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போனால் என்ன என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்த வருஷத் தீபாவளி வந்தது. பட்டாசுக் கம்பெனிக்குத் தீபாவளி என்றால் சீசன் முடிந்தது என்று அர்த்தம். கடைசி லோடு போனதும் கம்பெனியை மூடிவிடுவார்கள். கொஞ்ச காலம் கழித்துப் பூசை போட்டுத் திறப்பார்கள். அப்போது யார் யாருக்கு வேலை என்பது போர்மேன் போடுகிற போனில் இருக்கிறது. போன் வந்தால் வேனுக்குப் போய் நிற்கலாம். வராவிட்டால் இல்லை. எழுத்தில் எதுவும் கிடையாது, கேட்கவும் முடியாது.

மூடுகிற அன்றைக்கு முதலாளி கையால் எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி உண்டு. பெரிய முதலாளி படுத்த படுக்கையாகிவிட்டதால் அந்த வருஷம் சின்னவர் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் போர்மேன் அக்காவை ஆபீசுக்கு வரச் சொன்னார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இந்தா பாரு, நாளைக்குச் சின்னவர் முன்னால ஒன் கொரியாக் கூத்த வச்சுக்கிடாத. வந்தமா, வாங்குனமா, போனமான்னு இருக்கணும். பூசைக்குப் பெறவு போன் வரணுமா, வேண்டாமா?”

“வரணும் அண்ணாச்சி. பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு கெடக்கு.”

“தெரியுதுல்ல?”

“வணக்கம் சொல்றதுக்கா அண்ணாச்சி வேல போகும்?”

“வணக்கம் சொல்லு. எவன் வேண்டாம்னா? சொல்லிட்டு நிக்காத.”

“நிக்காமப் போனா அது வணக்கம் இல்ல அண்ணாச்சி. வெறும் சத்தம்.”

திரும்புகிற வேனில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஒரு நாள்தானக்கா. பேசாம வாங்கிட்டு வந்துருங்க. ஒங்களுக்கு வேல வேணும்.”

“அவருக்கும் ஒரு நாள்தான பாப்பா. ஒருக்காக் குனிஞ்சா என்ன?”

அக்கா பயந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாகவே வந்தார்.

மறுநாள் ஷெட்டைக் கழுவி, மேசை போட்டு, அதன்மேல் ஜரிகைத் துணி விரித்திருந்தார்கள். சின்னவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு இடது பக்கம் நான். அடுக்கிலிருந்து பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டியது என் வேலை. இடது காதில் போன், வலது கையில் பெட்டி, இப்படித்தான் அவர் கொடுத்தார். பீகாருக்குப் போன லாரி எங்கோ நின்றுபோன விவகாரம் பேச்சில் ஓடியது. பெண்கள் நல்ல சேலையில் வந்திருந்தார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி கொடுப்பதைப் பெண்கள் முந்தானையை விரித்து ஏந்தித்தான் வாங்குவார்கள். யார் சொல்லி வந்ததோ தெரியாது. முந்தானைக்குள் பெட்டி விழும், குனிந்து ஒரு கும்பிடு, நகர்ந்துவிடுவார்கள். சின்னவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையை நீட்ட, விட, மறுபடி என் பக்கம் நீட்ட.

அக்காவின் முறை வந்தது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார். கைகளைச் சேர்த்து, குனிந்து, “அன்யோங் ஹாசேயோ, மொதலாளி” என்றார். நிமிர்ந்து நின்றார்.

பெட்டி அந்தரத்தில் நின்றது. சின்னவர் லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பெட்டியை ஆட்டிக் காட்டினார். அது கையை விட்டுப் போகவில்லை என்று தெரிந்ததும்தான் நிமிர்ந்தார்.

“என்ன? பிடி.”

“வணக்கம் சொல்லியிருக்கேன், மொதலாளி.”

“அதான் சொல்லிட்டியே. வாங்கிட்டுப் போ.”

“நீங்க சொல்லலியே.”

“வாங்கிட்டுப் போ ஏட்டி!” என்று போர்மேன் பின்னாலிருந்து கத்தினார். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. சின்னவர் போனில் “ஒரு நிமிசம்” என்றார். சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

“நான் சொல்லணுமா ஒனக்கு?”

“எனக்குன்னு தனியா வேண்டாம் மொதலாளி. இங்கன நிக்கிற எல்லாத்துக்கும் சேத்து ஒருக்காச் சொன்னாலும் போதும்.”

“சொல்லலேன்னா?”

“நிப்பேன்.”

“நில்லு” என்றார் அவர். போனைக் காதில் வைத்துக்கொண்டு, பெட்டியை அக்காவைத் தாண்டி அடுத்தவருக்கு நீட்டினார்.

அடுத்தது பேக்கிங்கில் மூத்த ஒரு பெரியம்மா. யாருக்கும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர். முந்தானையை விரித்துப் பிடித்தபடி பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கால் நகரவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை வாசல் தாண்டி வெயிலில் நின்றது.

தன்னால் வரிசை நிற்கிறது என்பதை அக்கா கவனித்தார். ஒரு அடி நகர்ந்து எனக்கு எதிரே வந்தார். என் கையில் அடுத்த பெட்டி இருந்தது. எனக்குக் குனிந்து, “அன்யோங் ஹாசேயோ, பாப்பா” என்றார்.

எனக்கு அந்த இடத்தில் வந்தது கோபம்தான், வேறு ஒன்றுமில்லை. சின்னவர் என்னை ‘ஏய் கம்ப்யூட்டர்’ என்றுதான் கூப்பிடுவார். நானும் அதற்கு ஓடி ஓடிப் போயிருக்கிறேன். அந்த ஓட்டமெல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. இடுப்பு வளைய நன்றாகக் குனிந்து, “அன்யோங் ஹாசேயோ, அக்கா” என்று சொல்லி, இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பெரியம்மா முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினார். சின்னவரின் நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். அந்த வார்த்தை வாயில் வரவில்லை, வெறுமனே குனிந்தார். நானும் குனிந்து பெட்டியைக் கொடுத்தேன். அதற்கடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர். முந்தானைகள் வரிசையாக இடுப்பில் ஏறின. வாசலிலிருந்து நேராக வந்துகொண்டிருந்த வரிசை மேசைக்கு வந்ததும் ஒரு அடி வளைந்து என்னிடம் வந்தது. சின்னவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வாங்கத்தான் ஆள் இல்லை. பெட்டியை மேசையில் போட்டுவிட்டு, லாரிக்காரனை வழக்கத்துக்கு அதிகமாகத் திட்டிக்கொண்டே எழுந்து காருக்கு நடந்தார்.

ஓரமாக நின்றிருந்த அக்கா அவர் முதுகைப் பார்த்துக் குனிந்து வேறு ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “போறவுகளுக்குச் சொல்றது பாப்பா. நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னு.”

கடைசியில் போர்மேன் வந்தார். “எனக்கும் ஒண்ணு குடு” என்றார். நான் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றேன். அக்காவின் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. போர்மேன், சின்னவரின் கார் போய்விட்டதா என்று திரும்பிப் பார்த்தார். போய்விட்டிருந்தது. கழுத்தை மட்டும் லேசாக வளைத்தார். அது போதும் என்று கொடுத்துவிட்டேன்.

பூசை போட்டார்கள். எல்லாப் பெண்களுக்கும் போன் வந்தது. அத்தனை பேரை விட்டுவிட்டால் கம்பெனியை யார் ஓட்டுவது? அக்காவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் வீட்டில் நடந்த கூத்தைத் தனியாக எழுத வேண்டும். படித்த பிள்ளைக்கு எதற்கு இந்த ஊர்வம்பு என்று அப்பா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அப்போதும் வருத்தம் வரவில்லை. இப்போதும் இல்லை.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, மகளுக்குக் காலேஜில் பணம் கட்டச் சொல்லிக் கெடு வைத்துவிட்டதாகச் சொன்னார். நான் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, ஒங்களக் கெஞ்சிக் கேக்கேன். மொதல்ல வேல கெடைக்கட்டும். ஒங்க கொரியாவ உள்ள போய் எடுத்துக்கிடுங்க.”

“சரி பாப்பா” என்றார்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே நாற்காலியில் காவல்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. “என்ன? ஆளெல்லாம் எடுத்தாச்சு. போங்க, போங்க” என்று கையை வீசினார்.

அக்கா பையைக் கீழே வைத்தார். சேலையைச் சரிசெய்து, கைகளைச் சேர்த்து, கேட்டுக் கம்பிகளுக்கு வெளியே நின்று நிதானமாகக் குனிந்தார்.

“அன்யோங் ஹாசேயோ.”

காவல்காரரின் கை பாதியில் நின்றது. அக்கா நிமிர்ந்து நின்றார். நான் பார்த்தேன். அவர் விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. முகம் மட்டும் நேராக இருந்தது.

நானும் என் பையைக் கீழே வைத்தேன். பக்கத்தில் போய்க் குனிந்து, அதையே சொல்லிவிட்டு, அவரோடு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே எங்கோ வேலைக்கு மணி அடித்தார்கள். நாங்கள் நகரவில்லை.

காவல்காரர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.